ஜோனா லோமுவின் கணக்கை எப்படிப் போடுவது?

கோட்டோரம்:

போன வாரம் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பன்னிரண்டு வயது. ரக்பி என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது, நான்தான் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். 1995 ஜூன் 18, கேப்டவுன் நியூலாண்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை அரையிறுதி, நியூசிலாந்தும் இங்கிலாந்தும். ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இடப்பக்கம் நீளமாக வீசிய பாஸ் சரியாக வரவில்லை, பந்து நியூசிலாந்தின் ஜோனா லோமுவுக்குப் பின்னால் விழுந்து துள்ளுகிறது. திரும்பி எடுக்கிறார். எதிரே டோனி அண்டர்வுட், அவரை வெளிப்பக்கமாகச் சுற்றிக் கடந்துவிடுகிறார். பின்னாலிருந்து இங்கிலாந்து கேப்டன் வில் கார்லிங் காலைத் தட்டிவிட, லோமு தடுமாறுகிறார், இதோ விழப் போகிறார் என்றுதான் நினைப்போம். அந்தத் தடுமாற்றத்தோடே எதிரில் நின்ற ஃபுல்-பேக், அதாவது கடைசித் தடுப்பாளர், மைக் கேட் மேல் ஏறி, அவரை மிதித்துக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை வைக்கிறார், ரக்பியில் இதைத்தான் ட்ரை என்பார்கள். பையன் ரிமோட்டைப் பிடுங்கி அதையே நான்கு முறை ஓட்டிப் பார்த்தான்.

அப்புறம் கேட்டான், "இவர் இப்போ எங்க இருக்கார் சித்தப்பா?"

2015 நவம்பர் 18 அன்று, நாற்பது வயதில் இறந்துவிட்டார், சிறுநீரக நோய் என்றேன். அவன் நம்பவில்லை. இவ்வளவு பெரிய ஆளுக்கா என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆறடி ஐந்து அங்குலம், 120 கிலோவுக்குப் பக்கத்தில், விங்கர் இடத்தில், அதாவது ஓரத்தில் ஓடுகிற ஆளின் இடத்தில், அப்படி ஒரு உடம்பை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

இரவு தூங்கப் போகும்போது எனக்கு உறைத்தது, நாமும் அவன் மாதிரிதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். லோமு என்றால் அந்த ஒரு அரையிறுதி, நான்கு ட்ரை, 45-29. அதற்குப் பிறகு ஏழு வருடம் டெஸ்ட், அதாவது நாட்டு அணிகளின் ஆட்டம், ஆடியிருக்கிறார், அதில் பெரும்பகுதி நோயோடு. அவருடைய ஆட்ட வாழ்க்கையை ஒழுங்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் இந்த இழை. இங்கே ரக்பி பார்க்கிறவர்கள் நிறைய இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

எண்கணக்கு:

நல்ல இழை. ஆனால் கணக்கு என்றால் கணக்காகவே பேசுவோம். லோமு நியூசிலாந்து அணியான ஆல் பிளாக்ஸுக்கு 63 டெஸ்ட், 37 ட்ரை. டக் ஹவ்லெட் 62 டெஸ்டில் 49. கிறிஸ்டியன் கல்லன் 58 டெஸ்டில் 46. ஜூலியன் சாவியா 54 டெஸ்டில் 46. இவர்கள் பெயரை ரக்பி பார்க்காதவர்களிடம் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக லோமு டெஸ்டில் ஒரு ட்ரைகூடப் போட்டதில்லை. வேல்ஸுக்கு எதிராகவும் இல்லை. 1995 இறுதியில் அவரைக் கட்டிப்போட்டுத்தான் தென்னாப்பிரிக்கா 15-12 என்று ஜெயித்தது.

அறிமுகத்தையும் மறக்கக் கூடாது. 1994 ஜூன் 26, கிறைஸ்ட்சர்ச், பிரான்ஸுக்கு எதிராக, 19 வயது 45 நாள், ஆல் பிளாக்ஸ் டெஸ்ட் வீரர்களிலேயே இளையவர். அந்தத் தொடரின் இரண்டு டெஸ்டிலும் நியூசிலாந்து தோற்றது, லோமுவின் முதுகுக்குப் பின்னால் இருந்த இடத்தை பிரெஞ்சுக்காரர்கள் நன்றாகவே பயன்படுத்தினார்கள். பள்ளியில் ஃபார்வர்டாக, அதாவது முன்னால் நின்று மோதுகிற ஆட்டக்காரராக, ஆடியவரை விங்கில் நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். உலகக் கோப்பைக்குப் போகும்போது அவர் கையில் இருந்தது அந்த இரண்டு டெஸ்ட்தான், அதற்கும் உடல்தகுதி போதாது என்று பயிற்சியாளர் லாரி மெயின்ஸுக்குக் கடைசிவரை சந்தேகம்.

அவரைக் குறைத்துப் பேச வரவில்லை. உலகக் கோப்பையில் 11 ஆட்டத்தில் 15 ட்ரை, தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா அதைத் தொடுவதற்கு 2015 வரை, மூன்று உலகக் கோப்பை ஆட வேண்டியிருந்தது. பெரிய மேடையில் அவர் வேறு ஆள். ஆனால் மொத்த வாழ்க்கையை எடுத்தால், புகழ் எண்ணைவிடப் பெரிதாக இருக்கிறது என்பது என் கருத்து.

கண்டிக்காரன்:

எண்கணக்கு அண்ணா, தென்னாபிரிக்கக் கதையை நான் கொஞ்சம் சொல்ல வேணும். கண்டியில் பள்ளிக்கூட றக்பி பார்த்து வளர்ந்தவன் நான், எங்கட ஊரில் பள்ளிக்கூடங்களின் பிராட்பி கேடயப் போட்டி என்றால் கடை பூட்டிவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. அந்த 1995 இறுதியைப் பார்த்த பிறகுதான் ஒரு ஆளை எப்படி நிறுத்துவது என்று எங்கள் பயிற்சியாளர் எங்களுக்குக் காட்டித் தந்தார்.

இங்கிலாந்து செய்த பிழை, லோமுவுக்கு ஓட இடம் கிடைத்த பிறகு பிடிக்கப் போனது. ஓட்டம் எடுத்துவிட்டால் பிறகு எவராலும் ஏலாது. தென்னாபிரிக்கா அந்த ஓட்டத்தையே எடுக்க விடவில்லை. பந்து கைக்கு வருகிற நேரத்திலேயே ஆள் வந்து நிற்கும். ஜேம்ஸ் ஸ்மோல் அவரைக் கோட்டோரம் போகவிடாமல் உள்ளே திருப்பிவிட, உள்ளே மற்றவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். ஜூஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹெய்சன் ஸ்க்ரம்-ஹாஃப், லோமுவோடு பார்த்தால் சின்ன உடம்பு. அவர் குனிந்து, தோளைத் தொடைக்குக் கீழே கொடுத்து, இரண்டு கையாலும் காலைச் சேர்த்துக் கட்டி விழுத்தினார். நெஞ்சுக்கு நேரே போய் மோதினால் மைக் கேட்டுக்கு நடந்ததுதான் நடக்கும்.

ஒரு 20 வயதுப் பெடியனுக்காக ஒரு தேசிய அணி முழுத் திட்டத்தையும் மாற்ற வேண்டி வந்தது. அதையும் உங்கட கணக்கில் எந்தப் பத்தியில் போடுவீர்கள்? இரண்டு மூன்று பேர் லோமுவிடம் போனால் மற்றப் பக்கம் ஜெஃப் வில்சனுக்கும் நடுவில் மற்றவர்களுக்கும் இடம் திறக்கும். அந்த ட்ரைகள் எல்லாம் வேறு ஆட்களின் பெயரில் எழுதப்பட்டிருக்கு.

அந்த இறுதியில் ஆடிய தென்னாபிரிக்கர்களிலும் பலர் இப்போது இல்லை. ரூபன் குரூகர் 2010 இல், ஜூஸ்ட் நரம்பு நோயோடு போராடி 2017 இல், ஸ்மோலும் செஸ்டர் வில்லியம்ஸும் 2019 இல். அந்த வீடியோவைப் பார்க்கும்போது எனக்கு ஸ்கோர் கண்ணில் படுவதில்லை.

பிஜே வாசகி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். லோமுவை நேரில் பார்த்தவள் என்ற ஒரே தகுதியோடு.

1998 காமன்வெல்த் விளையாட்டு கோலாலம்பூரில் நடந்தது, ஏழு பேர் ஆடும் ரக்பி செவன்ஸ் ஆட்டங்கள் எங்கள் பெட்டாலிங் ஜெயா ஸ்டேடியத்தில். காமன்வெல்த்தில் ரக்பி வந்ததே அதுதான் முதல் தடவை. அப்பா எனக்கும் தம்பிக்கும் டிக்கெட் எடுத்திருந்தார். செப்டம்பர் மாத வெயில், உட்கார்ந்திருக்கிற எங்களுக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கறுப்புச் சட்டையில் ஏழு பேர் வந்தார்கள். எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு எண்ணைப் பார்க்க வேண்டியதே இல்லை, எது அவர் என்று தெரிந்தது. அவர் எங்கள் பக்கமாக ஓடி வந்தபோது தம்பி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் பத்திரமாக இருக்கிறோம் என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

நியூசிலாந்து தங்கம் வாங்கியது. நாங்கள் கூவிக்கொண்டே வீட்டுக்குப் போனோம். அதற்கு முந்தின வருடம் அவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டுச் சிறுநீரகச் சிகிச்சையில் இருந்தார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அந்த வெயிலில் ஆடியவர் அதிலிருந்து வந்தவர் என்று தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரி பார்த்திருப்பேன்.

வார்டு ஏழு:

ரக்பி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. டயாலிசிஸ் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன், அதனால் இந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

லோமுவுக்கு இருந்தது நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரகத்தின் வடிகட்டி ஓட்டையாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் நாளங்களில் நிற்காமல் சதைக்குள் இறங்கிவிடும். காலையில் எழுந்தால் கண்ணிமை வீங்கியிருக்கும், சாயங்காலம் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அசதி என்றால் சாதாரண அசதி கிடையாது, என்னிடம் வருகிறவர்களில் லாரியில் மூட்டை ஏற்றிய ஆட்கள் இருக்கிறார்கள், மாடிப்படி பாதியில் உட்கார்ந்துவிடுவதாகச் சொல்வார்கள். இதற்குக் கொடுக்கும் முக்கிய மருந்து ஸ்டீராய்டு மாத்திரை. விளையாட்டுக்காரர்கள் திருட்டுத்தனமாகப் போடுகிற, சதை வளர்க்கிற ஸ்டீராய்டு என்று யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது நாள்பட்டால் தசையைக் கரைக்கும், எலும்பை மெலிய வைக்கும், முகத்தை ஊத வைக்கும்.

லோமுவுக்கு இது இருபதுகளின் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. சரி, எண்கணக்கு சார் சொன்ன 37 ட்ரையில் 1997க்குப் பிறகு வந்தது எத்தனை என்று யாராவது சொல்லுங்கள். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. 2003 மே மாதம் அவர் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் இருப்பதாக நியூசிலாந்து ரக்பி வாரியம் அறிவித்தது. டயாலிசிஸ் என்பது ஒரு நாளில் வருவதில்லை. சிறுநீரகம் மாதக்கணக்கில் கீழே இறங்கிக்கொண்டே வந்து, இனி முடியாது என்ற இடத்தில்தான் மெஷினில் போடுவோம். அந்த மாதங்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

கோட்டோரம்:

வார்டு ஏழு, உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 2002 நவம்பர் 9, ட்விக்கன்ஹாம். இங்கிலாந்து 31, நியூசிலாந்து 28. அடுத்த வருடம் உலகக் கோப்பையை ஜெயிக்கப் போகிற அந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக லோமு இரண்டு ட்ரை போட்டார். இரண்டு வாரம் கழித்து கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராக ஆடியது அவருடைய கடைசி டெஸ்ட். அதிலிருந்து ஆறு மாதத்தில் டயாலிசிஸ்.

நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.

1999 உலகக் கோப்பையும் நோய்க்குப் பிறகுதான். அதில் மட்டும் எட்டு ட்ரை, 1995ஐ விட ஒன்று கூட. பிரான்ஸுக்கு எதிரான அரையிறுதியில் இரண்டு, அதில் ஒன்றில் பிரெஞ்சுக்காரர்கள் கொத்தாகத் தொங்கிக்கொண்டே வந்தார்கள். 24-10 என்று முன்னால் போய்விட்டு நியூசிலாந்து 43-31 என்று தோற்றது. தோற்ற ஆட்டம் என்பதால் யாரும் அந்த ட்ரைகளைப் போட்டுக் காட்டுவதில்லை.

எண்கணக்கு:

வார்டு ஏழு, நான் எழுதியதில் ஒரு வரியைத் திருத்திக்கொள்கிறேன். ஹவ்லெட்டோடும் கல்லனோடும் ஒப்பிட்டது சரியான ஒப்பீடு இல்லை. அவர்கள் ஆடியது ஒரு உடம்போடு, இவர் ஆடியது வேறு உடம்போடு.

ஆனால் ஒன்றில் இன்னும் நிற்கிறேன். நோய் இல்லாவிட்டால் நூறு டெஸ்ட், எண்பது ட்ரை என்று பலர் எழுதுகிறார்கள். ஓடாத ஓட்டத்தைக் கணக்கில் சேர்ப்பது அவருக்கும் மரியாதை இல்லை. போட்டது 37. அந்த 37 எந்த நிலையில் வந்தது என்று சொன்னால் போதும், அதற்கு மேல் யாரும் எதையும் கூட்ட வேண்டாம்.

மாங்கரே பாலம்:

ஆக்லாந்தின் தெற்குப் பகுதியில் இருபது வருடமாக இருக்கிறேன். லோமு வளர்ந்த மாங்கரே எனக்குப் பக்கம்தான், வேலைக்குத் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன்.

பெற்றோர் டோங்கா நாட்டவர்கள். பிறந்தது இங்கே, ஆனால் சின்ன வயதில் டோங்காவின் ஹாபாய் தீவுகளில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தார். அப்புறம் இங்கே கொண்டுவந்தார்கள். அப்பா கைநீட்டுகிறவர், தெருவில் கும்பல் சண்டை, உறவினர் ஒருவர் அந்த வன்முறையிலேயே இறந்துபோனார். அம்மாதான் இனி இங்கே இருந்தால் பையன் கெட்டுவிடுவான் என்று வெஸ்லி கல்லூரி விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். இதையெல்லாம் அவரே பல பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

வெளியில் இருக்கிறவர்களுக்கு லோமு ஒரு வீடியோ. இங்கே அவர் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை. என் கூட வேலை செய்கிற சமோவாக்காரர் ஒருவர், டோங்காக்கார அம்மா ஒருவர், இரண்டு பேர் வீட்டிலும் டயாலிசிஸுக்குப் போகிற ஆள் உண்டு. பசிபிக் தீவு மக்களிடமும் மாவோரிகளிடமும் சிறுநீரகச் செயலிழப்பு மற்றவர்களைவிட அதிகம், பெரும்பாலும் சர்க்கரை நோயால். லோமுவுக்கு வந்தது வேறு காரணம் என்றாலும், வாரம் மூன்று நாள் மெஷினில் படுத்திருப்பது என்னவென்று இந்தப் பகுதிக்குத் தெரியும். லோமுவும் நம்மைப் போலத்தான் படுத்திருந்தார் என்று அந்த அம்மா சொல்வார், அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு தெம்பு இருக்கும்.

கோட்டோரம்:

மாங்கரே பாலம், நன்றி. நான் இருந்த இடத்திலிருந்து இதைப் பார்த்திருக்கவே முடியாது.

பணம் பற்றி யாரும் பேசவில்லை, அதையும் வைத்துவிடுகிறேன். 1995 உலகக் கோப்பையில் ஆடிய எல்லோரும் காகிதத்தில் அமெச்சூர்கள், சம்பளம் இல்லாமல் ஆடுகிறவர்கள். அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்று வாரியங்களும் ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனத்தோடு பத்து வருடத்துக்கு 55.5 கோடி அமெரிக்க டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தத்தை அறிவித்தன. ஆகஸ்டில் ரக்பி யூனியன், அதாவது நாம் பேசுகிற இந்தப் பதினைந்து பேர் ஆட்டம், அதிகாரபூர்வமாகத் தொழில்முறை ஆட்டமாகிவிட்டது. ஒரு வீரரால் மட்டும் இது நடக்கவில்லை, பேச்சுவார்த்தை முன்பே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஜூனில் ரக்பி தெரியாத வீடுகளுக்குள் ரக்பியைக் கொண்டுபோன முகம் லோமுவுடையது. பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கிலிருந்தும் அமெரிக்கக் கால்பந்திலிருந்தும் அவரை இழுக்கப் பார்த்தார்கள், போகவில்லை. இறந்த பிறகு குடும்பத்துக்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்து, அவருடைய இரண்டு பையன்களுக்காக வீரர்கள் சங்கம் அறக்கட்டளை தொடங்க வேண்டி வந்தது. அந்த ஆட்டத்துக்கு வந்த பணத்தை நினைத்தால் எனக்கு அது இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

வார்டு ஏழு:

மாற்று அறுவைக்குப் பிறகு அவர் திரும்ப ஆடினார் என்று படித்தேன். உண்மையா? எங்கள் நோயாளிகளிடம் வயிற்றில் அடி படுகிற எதையும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்லி அனுப்புவோம்.

கோட்டோரம்:

உண்மை. 2004 ஜூலையில் மாற்று அறுவை. சிறுநீரகம் கொடுத்தது கிராண்ட் கெரீமா, வெலிங்டன் வானொலி அறிவிப்பாளர், லோமுவின் நண்பர். அதற்கு முன்னால் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு நடப்பதே சிரமமாக இருந்தது, சக்கர நாற்காலிக்குப் போக நேரலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஒரு வருடத்துக்குள், 2005 ஜூனில், ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் மார்ட்டின் ஜான்சனைக் கௌரவிக்க நடந்த நட்பு ஆட்டத்தில் இறங்கி ஒரு ட்ரை போட்டார், அதே ஆட்டத்தில் தோள் போய்விட்டது. டிசம்பரில் கார்டிஃப் ப்ளூஸ் அணிக்காக வந்தார். வேகம் பழைய வேகம் இல்லை. அப்புறம் நியூசிலாந்து திரும்பி நார்த் ஹார்பருக்கு ஆடினார். 2007 உலகக் கோப்பையில் ஆட வேண்டும் என்பது அவர் ஆசை, நடக்கவில்லை. 2009இல் பிரான்ஸில் மார்செய் விட்ரோல் என்று கீழ்நிலை லீக் அணி ஒன்றுக்கு ஆடப் போனார்.

கண்டிக்காரன்:

விட்ரோலுக்கு ஏன் போனார் என்று கேட்கிறவர்கள் உண்டு. பேரைக் கெடுத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். எனக்கு அது கொஞ்சமும் விளங்குவதில்லை. அங்கே அவரை விங்கில் விடவில்லை, நடுவிலும், ஃபார்வர்டுகளில் பின்னால் நிற்கிற எட்டாம் எண் இடத்திலும் ஆடினார். சின்னப் பிள்ளையாகப் பள்ளியில் ஆடிய இடத்துக்குக் கிட்டவே திரும்பி வந்திருக்கிறார். ஏலும் வரை ஆட வேணும் என்ற ஆசை இருக்கிற ஆளுக்குப் பெரிய மைதானமும் சின்ன மைதானமும் ஒன்றுதான்.

மாங்கரே பாலம்:

அந்தச் சிறுநீரகம் ஏழு வருடம் தாங்கியது. 2011இல் உலகக் கோப்பை இங்கே நடந்தபோது தொடக்க விழாவில் வந்தார், அந்தச் சமயத்திலேயே அது கைவிட்டுவிட்டது, மறுபடி டயாலிசிஸ். 2015 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து போயிருந்தார், துபாய் வழியாகக் குடும்பத்தோடு திரும்பி வந்த மறுநாள் காலை செய்தி.

ஈடன் பார்க்கில் நடந்த அஞ்சலிக்கு நான் போயிருந்தேன். பெட்டியை வெளியே கொண்டுவந்தபோது வெஸ்லி கல்லூரிப் பையன்கள் ஹாகா என்கிற மாவோரி நடனம் செய்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், பாதத்தில் செருப்புக்கூட இல்லை, கூட்டத்திலிருந்தபடியே அவர்களோடு சேர்ந்து தொடையில் அறைந்துகொண்டு கத்தினார். முடிந்ததும் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

புதுவரவு:

இழை முழுவதும் படித்தேன். நான் ரக்பி ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கட்டும்? 1995 அரையிறுதியா?

எண்கணக்கு:

அது அப்புறம். முதலில் 2000 ஜூலை 15, சிட்னி, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டம். அரங்கில் 1,09,874 பேர். நியூசிலாந்து 24-0 என்று போகும், ஆஸ்திரேலியா அதைப் பாதி ஆட்டத்துக்குள் 24-24 ஆக்கும், கடைசி நிமிடங்களில் 35-34 என்று ஆஸ்திரேலியா முன்னால் நிற்கும். அப்போது டெய்ன் ராண்டல் கொடுக்கிற பாஸ் இடக் கோட்டோரம் நிற்கிற லோமுவுக்கு வரும். அவர் யாரையும் மிதிக்க மாட்டார். ஸ்டீபன் லார்க்கம் குறுக்கே வர, அந்தப் பெரிய உடம்பைக் கோட்டுக்கு உள்ளேயே வைத்து, நுனிக்காலில் நடக்கிற மாதிரி ஓடிப் போய்ப் போடுவார். 39-35.

நோய்க்கு மூன்று வருடம் கழித்து நடந்தது. தொடக்கத்திலிருந்தே பாருங்கள், தாமதமாக உட்கார்ந்தால் முதல் மூன்று ட்ரை போய்விடும்.